இரண்டு பாஸ்பேட் கணக்கு

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் சில ஆண்டுகள் இரண்டு தாள்கள் அக்கம்பக்கமாக ஒட்டியிருந்தன. ஒன்று அப்பாவுடையது, டயாலிசிஸ் மையத்தில் மாதம் ஒருமுறை எடுக்கும் ரத்தப் பரிசோதனை. மற்றது என் பவளத் தொட்டியுடையது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீரைச் சோதித்து நானே பென்சிலால் எழுதிவைப்பது. வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் என் தாளை அப்பாவுடையது என்று எண்ணிக்கொண்டு, “0.42 தானே, கம்மியாத்தானே இருக்கு?” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் கூசாமல் தலையாட்டினார். அந்த மாதம் அவர் கணக்கு 2.3.

இரண்டும் ஒரே பொருளின் அளவு: பாஸ்பேட். அலகுதான் வேறு. சிங்கப்பூரில் ரத்தக் கணக்கை மில்லிமோலில் தருகிறார்கள். தொட்டிக்காரர்கள் நாங்கள் பிபிஎம்மில் பேசுகிறோம். லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. ஒருநாள் கால்குலேட்டரை எடுத்து அப்பாவின் 2.3-ஐ என் அலகுக்கு மாற்றிப் பார்த்தேன். 218 வந்தது. என் பவளங்கள் 0.42-க்கே நிறம் செத்துக் கிடந்தன.

தொட்டி 2016-ல் வந்தது. ஈசூனில் எங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டு வரவேற்பறையில், நான்கடி நீளம், 400 லிட்டர். தண்ணீரைக் குளிர்விக்க ஒரு சில்லர் இராப்பகலாக ஓடும். அடியில் இன்னொரு சிறு தொட்டி. அதில் நுரை கக்கும் ஸ்கிம்மர். உள்ளே 35 கிலோ பவளக் கல், அதன்மேல் ஒட்டி வளர்க்கும் விரல் நீளத் துண்டுகள். தமிழ்நாட்டு நண்பர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும்போதெல்லாம் நான் எச்சரித்துவிடுவேன்: இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு உள்ள காவல் அவற்றுக்கும் உண்டு. இங்கே அனுமதிச் சீட்டோடு இறக்குமதியாகும் துண்டுகளைக் கடையில் வாங்கலாம்.

அம்மா போன பிறகு, 2017-ல் அப்பா எங்களோடு வந்து தங்கினார். சர்க்கரை அவர் சிறுநீரகங்களைத் தின்று முடித்திருந்தது. செவ்வாய், வியாழன், சனி, தலா 4 மணி நேரம் டயாலிசிஸ். தொட்டியை முதல்முறை சுற்றிவந்து பார்த்தவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. “கப்பலடியில இந்தச் சனியனையெல்லாம் சுரண்டித் தள்ளத்தான்டா எனக்குச் சம்பளம் கொடுத்தான். நீ காசு கொடுத்து வாங்கி வச்சிருக்க.” பிரிட்டிஷ் கடற்படையின் பட்டறை கைமாறி 1968-ல் செம்பவாங் கப்பல் பட்டறை ஆனபோது வேலையில் சேர்ந்தவர் அவர். துரு சுரண்டுவது, சாயம் அடிப்பது, மறுபடி துரு சுரண்டுவது. கடலில் ஒட்டி வளரும் எதன்மீதும் அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

ஆனாலும் பகல் முழுக்கத் தொட்டிக்கு எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வருஷம் என் ஊதா அக்ரோபோரா பவளம் பழுப்பாக மாறத் தொடங்கியது. பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துத் தருவதைத்தான் பவளம் பெரும்பாலும் உண்கிறது. தண்ணீரில் சத்து கூடினால் குடித்தனக்காரர்கள் பெருகி, வீட்டின் நிறமே அவர்கள் நிறமாகிவிடும். அதோடு பாஸ்பேட் இன்னொரு வேலையும் செய்யும். பவளம் தன் எலும்பைக் கட்டும் சுண்ணாம்புப் படிகத்தின்மேல் போய் ஒட்டிக்கொண்டு அது வளரவிடாமல் தடுக்கும். கல்லெல்லாம் பச்சை மயிராகப் பாசி படர்ந்தது. நான் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்ப்பேன். மூன்றே நாளில் திரும்ப முளைத்திருக்கும்.

சோதிக்க என்னிடம் ஹன்னா நிறுவனத்தின் கைக்கடக்கமான கருவி இருந்தது. 10 மில்லி தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் எடுத்து, பொட்டலத்துப் பொடியைக் கொட்டி, குலுக்கி, 3 நிமிடம் காத்திருக்க வேண்டும். குப்பியில் விரல் ரேகை பட்டிருந்தாலும், ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும் எண் பொய் சொல்லும். அது காட்டுவது பாஸ்பரஸ், அதுவும் லிட்டருக்கு எத்தனை மைக்ரோகிராம் என்று; பாஸ்பேட்டாக்க 3.066-ஆல் பெருக்க வேண்டும். அன்று 137 காட்டியது. மூன்று முறை பார்த்தேன். 0.42 பிபிஎம். பவளத் தொட்டிக்காரர்கள் 0.03-க்கும் 0.1-க்கும் இடையில் நிறுத்தப் பாடுபடுகிற எண் அது.

எங்கிருந்து வருகிறது? குழாய்த் தண்ணீரை ஆர்.ஓ. வடிகட்டியில் விட்டுத்தான் ஊற்றுகிறேன். அதில் ஒன்றும் இல்லை. மீனுக்குப் போடும் உறைந்த இறால் கட்டிகளைக் கரைத்து, சல்லடையில் அலசிப் போடத் தொடங்கினேன். பலனில்லை. இதைப் பற்றி ராண்டி ஹோம்ஸ்-ஃபார்லி முன்பே எழுதியிருக்கிறார். பவளத் தொட்டி வேதியியலில் எங்களுக்கெல்லாம் வாத்தியார் மாதிரி அந்த அமெரிக்கர். அலசினால் போவது கொஞ்சம்தான், பாஸ்பேட் பெரும்பாலும் தீனியின் சதைக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் கணக்கு. எந்த உயிரும் பாஸ்பரஸ் இல்லாமல் கிடையாது என்னும்போது, அதைக் கழுவி எடுக்க நினைப்பது உப்பிட்ட ரசத்திலிருந்து உப்பைக் கழுவி எடுக்க நினைப்பதுதான். அவர் தொழில் என்ன என்று பின்னால் தெரிந்தபோது வியப்பாக இருந்தது. சிறுநீரக நோயாளிகளின் குடலில் பாஸ்பேட்டைப் பிடித்து நிறுத்தும் செவலமர் என்ற மருந்தைக் கண்டுபிடித்தவர்களில் அவரும் ஒருவர்.

பிறகு வோட்கா. சிரிக்க வேண்டாம், இது ஒப்புக்கொள்ளப்பட்ட முறைதான். சில மில்லி ஊற்றினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று பெருகும். பெருகும்போது தண்ணீரிலுள்ள நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் சேர்த்துக்கொள்ளும். ஸ்கிம்மர் அவற்றை நுரையோடு வெளியே தள்ளும். ஐந்து வாரம் ஊற்றினேன். நைட்ரேட் துடைத்தாற்போல் போயிற்று, பாஸ்பேட் அசையவில்லை. கடல் மிதவை உயிர்களின் உடம்பில் 16 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ்தான் இருக்கும் என்று ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் எப்போதோ கண்டு எழுதியதை அதற்கப்புறம்தான் படித்தேன். நுண்ணுயிருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். நைட்ரேட் தீர்ந்த இடத்தில் அவை நின்றுவிட்டன. என் மனைவி வேறு, வோட்கா பாட்டிலில் கோடு போட்டுவைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். யாரைச் சந்தேகித்தாள் என்று கேட்கவில்லை.

கடைசியில் துருவுக்கு வந்தேன். இரும்பு ஆக்சைடைக் குருணையாக்கி விற்கிறார்கள். குடிநீரில் ஆர்சனிக் எடுக்கப் பயன்படும் அதே சரக்கு. பாஸ்பேட்டும் அதன்மேல் நன்றாக ஒட்டும். குழாய் மாதிரி ஒரு பாத்திரத்தில் போட்டு, தண்ணீரை மெல்ல உள்ளே விட்டால் குருணை கொதிக்கிற சோறுபோல் புரளும். முதலில் அலசும்போது குளியலறைத் தரை முழுக்கச் செங்கல் நிறம். அப்பா வாசலில் நின்று பார்த்தார்.

“என்னடா இது?”

“துருப்பா.”

“துருவையா காசு கொடுத்து வாங்கின?” என்றவர், நாற்பது வருஷம் தான் சுரண்டிக் கடலில் தள்ளிய துருவின் விலையைக் கணக்குப் போட்டிருப்பார் போல, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

பொட்டலத்தில் போட்டிருந்த அளவைவிட இருமடங்கு போட்டேன். இதுதான் நான் செய்த பிழை, சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நாள் கருவி 2 காட்டியது. அந்தக் கருவியே 5 வரை முன்னே பின்னே காட்டக்கூடியது, ஆகவே அதைச் சைபர் என்றே கொள்ளலாம். அன்றிரவு நண்பர்களுக்கெல்லாம் படம் அனுப்பினேன். அடுத்த வாரம் ஊதா அக்ரோபோராவின் நுனிகள் வெளுத்தன. அதற்கடுத்த வாரம் அடியிலிருந்து சதை உரிந்து, வெள்ளை எலும்பு மட்டும் நின்றது. மணலின்மேல் பழுப்பாக, சளிபோல, குமிழிகளோடு ஒன்று படர ஆரம்பித்தது. டைனோஃபிளாஜெல்லேட். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாத வெற்றுத் தண்ணீரில் மற்றப் பாசிகளெல்லாம் பட்டினி கிடக்கும்போது போட்டியில்லாமல் எழுந்துவருவது. அதில் நஞ்சுள்ள இனங்களும் உண்டு. என் நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து கிடந்தன.

அதற்கு மருந்து என்ன தெரியுமா? பாஸ்பேட். கடையில் பாட்டிலில் விற்கிறார்கள். இத்தனை பாடுபட்டு எடுத்ததை விலை கொடுத்து வாங்கி, தினமும் சொட்டுச் சொட்டாக விட்டேன், நைட்ரேட்டும் அப்படியே. ஸ்கிம்மரை நிறுத்தினேன், புற ஊதா விளக்கு ஒன்றை மாட்டினேன். சளி மறைய மூன்று மாதமாயிற்று. வீட்டில் இதைப் பற்றி நான் அதிகம் பேசவில்லை.

அந்த மூன்று மாதத்தில் அப்பாவின் கணக்கும் நன்றாக இல்லை. உடம்பெல்லாம் அரிப்பு; முதுகைக் கதவுநிலையில் தேய்த்துக்கொண்டு நிற்பார். ஆகாரத்தோடு விழுங்க அவருக்கு முதலில் கொடுத்தது கால்சியம் கார்பனேட் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் படித்தபோதுதான் உறைத்தது, இது என் தொட்டிக்குள் கிடக்கும் பவளக் கல்லேதான். மருத்துவர் ஒருமுறை எக்ஸ்ரேயில் அவர் கால் ரத்தக் குழாய்களைக் காட்டினார். எலும்புபோல் வெள்ளைக் கோடுகள். ரத்தத்தில் பாஸ்பேட் கூடிக்கூடி, கால்சியத்தோடு சேர்ந்து குழாய்ச் சுவரில் படிந்திருக்கிறது என்றார். என் பவளத்தில் சுண்ணாம்பைச் சேரவிடாமல் தடுத்த அதே பொருள், அப்பாவின் காலில் சேரக்கூடாத இடத்தில் கால்சியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

பால் குறைக்க வேண்டும், பருப்பு குறைக்க வேண்டும், கோலா கூடவே கூடாது, மைலோ கூடாது, ஈக்கான் பிலிஸ் கூடாது. கடைசியாகச் சொன்னதில்தான் அவர் முகம் விழுந்தது. வறுத்த நெத்திலியும் ஒரு கோப்பை கோப்பியும் பட்டறைக் காலத்திலிருந்து அவருக்கு மாலை நேரம் என்பதற்கே அடையாளம். டின்னில் இருந்ததைத் தூக்கிப் போடப்போன என் மனைவியைத் தடுத்து, “இருக்கட்டும்மா, நான் தொட மாட்டேன்” என்றார். தொடவும் இல்லை. டின் மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

ஒரு புதன்கிழமை தலைவலி என்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அப்பா தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து, நெத்திலியை உள்ளங்கையில் வைத்துப் பொடியாக நசுக்கி, உப்புப் போக ஊதி, ஒவ்வொரு சிட்டிகையாகத் தண்ணீரில் தூவிக்கொண்டிருந்தார். கோமாளி மீன்கள் இரண்டும் அவர் விரலைக் கொத்தின. மஞ்சள் டேங் மீன் கண்ணாடியோரம் குறுக்கும் நெடுக்கும் ஓடியது. பக்கத்தில் என் தீனி டப்பாவும் திறந்திருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டேன். “வந்ததிலேர்ந்துதான். நீ காலையில கொஞ்சூண்டு போட்டுட்டு ஓடிடுற. மத்தியானம் என்னையே பாத்துக்கிட்டு நிக்குதுங்க.”

கோபம் வந்தது, மறைக்கவில்லை. செத்த அக்ரோபோராவின் விலையைக்கூடச் சொன்னேன். அவர் பதில் பேசாமல் கையைக் கழுவப் போனார்.

தீனி நின்றது. ஆனால் பாஸ்பேட் நிற்கவில்லை. துருக் குருணையை இப்போது கால் பங்கு போட்டு, தண்ணீரும் மாற்றி, 0.05-க்குக் கொண்டுவருவேன், நாலு நாளில் 0.15. திரும்ப இறக்குவேன், திரும்ப ஏறும். அப்பா ஒளித்துப் போடுகிறார் என்றே முடிவு கட்டி, தீனி டப்பாவை என் அறையில் வைத்துப் பூட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

விடை டயாலிசிஸ் மையத்தில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை அப்பாவை அழைத்துவரப் போயிருந்தேன். அவர் ‘மிஸ்ஸி’ என்று கூப்பிடும் தமிழ்த் தாதி, இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டே அறிக்கையைப் பற்றிப் பேசினார். நாலு மணி நேரம் சுத்தம் செய்தும் ஏன் இறங்க மாட்டேன் என்கிறது என்று நான்தான் கேட்டேன். “இறங்கும். இப்ப எடுத்தா கம்மியாத்தான் இருக்கும். ஆனா அங்கிள் வீட்டுக்குப் போய்க் கோப்பி குடிக்கிறதுக்குள்ள திரும்ப ஏற ஆரம்பிச்சிடும். ரத்தத்துல இருக்கிறது கொஞ்சம்தானே. உடம்புல உள்ள பாஸ்பரஸ்ல நூத்துக்கு எண்பத்தஞ்சு எலும்புல கிடக்கு. மிச்சமும் பெரும்பாலும் செல்லுக்குள்ள. ரத்தத்துல குறைஞ்சா உள்ளேயிருந்து வந்து நிரப்பும்.”

காரை வீட்டுக்கு ஓட்டிவரும் வழியெல்லாம் என் தலைக்குள் அந்த 35 கிலோ கல்தான் இருந்தது. பவளக் கல்லும் மணலும் சுண்ணாம்பு. தண்ணீரில் பாஸ்பேட் மிகுந்த நாளெல்லாம் அது தன்மேல் வாங்கி ஒட்டவைத்துக்கொண்டது. இப்போது நான் தண்ணீரில் குறைக்கக் குறைக்க, விட்டுத் தருகிறது. நெத்திலி நின்று இரண்டு மாதமாகியும் தொட்டி நெத்திலியைக் கக்கிக்கொண்டிருந்தது. அப்பா பின் இருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார். டப்பாவின் சாவி என் பையில் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பூட்டைத் திறந்துவைத்தேன். அவர் கவனித்தாரா என்று தெரியாது.

சிறிது நாளில் அவருக்கு மாத்திரை மாறியது. மென்று தின்ன வேண்டியது, வெள்ளையாக, பெரிதாக. வாயில் போட்டு, “பள்ளிக்கூடத்துல சாக்குக்கட்டி தின்ன மாதிரி இருக்கு” என்றார். பெயரைப் படித்தேன்: லாந்தனம் கார்பனேட். என் தொட்டிக்கு அடியிலும் ஒரு பாட்டில் இருந்தது, கல்லிலிருந்து கசிவதைச் சிறுகச் சிறுகப் பிடிக்க வாங்கியது: லாந்தனம் குளோரைடு. கார்ல் குஸ்தாவ் மொசாண்டர் 1839-ல் கண்டுபிடித்த தனிமம். வேறொரு பொருளுக்குள் அகப்படாமல் இருந்ததால் ஒளிந்திருத்தல் என்ற பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. அது பாஸ்பேட்டைக் கண்டால் விடாது; கரையாத வெண்பொடியாக்கி உட்கார வைத்துவிடும். குடலில் என்றால் மலத்தோடு போகும். தொட்டியில் என்றால் 10 மைக்ரான் துணிப்பையில் சிக்கும். வேகமாக விட்டால் டேங் மீன்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பார்கள். நான் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, நோயாளிக்குச் சலைன் ஏற்றுகிற குழாய் வழியாக, இரவு முழுக்கச் சொட்டவிட்டேன். வாரத்துக்கு 0.02-க்கு மேல் இறக்கவில்லை.

அப்பாவிடம் இரண்டு லேபிள்களையும் காட்டினேன். பாஸ்பரஸையே முதலில் கண்டுபிடித்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக்காரர் ஒருவர், 1669-ல், வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சி, என்றும் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். “என்கிட்ட வந்திருந்தா ஒண்ணும் கிடைச்சிருக்காது.” டயாலிசிஸ் தொடங்கி ஓராண்டில் அவருக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது.

மாத்திரை விஷயத்திலும் ஒன்று வெளிப்பட்டது. மூன்று வேளைக்குரியதையும் காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் முடித்துவிடுவது அவர் வழக்கம், ‘வேலையைத் தீர்த்துடலாம்னு’. இந்த மருந்து சோற்றோடு சோறாகப் போய்ச் சோற்றிலுள்ளதைப் பிடிக்க வேண்டியது. தனியாகப் போனால் பிடிக்க ஒன்றுமில்லை. என் மனைவி தேக்காவில் கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி வாங்கிவந்தாள், இரண்டாக. சிவப்பில் அவர் மாத்திரைகள், வேளைக்கு ஒன்றாக. நீலத்தில் மீன் தீனி, என் சமையலறைத் தராசில் நிறுத்து, நாளுக்கு ஒரு கட்டம். மத்தியானத் தீனி இனி அப்பாவுடைய வேலை என்று தீர்மானமாயிற்று. முதல் வாரத்திலேயே கண்ணாடி போடாமல் சிவப்பைத் திறந்து, மாத்திரையைத் தொட்டிக்கு மேல் கொண்டுபோய்விட்டார். “போட்டிருந்தாலும் நல்லதுதானேடா?” என்று என்னையே கேட்டார். யோசித்துப் பார்த்தால் தப்பில்லைதான்.

2019 கடைசியில் தொட்டி 0.08-ல் நின்றது. அவருடையது 1.7. கல்லின்மேல் செத்த அக்ரோபோரா நின்ற இடத்தில் ஒரு பச்சை மாண்டிபோரா தட்டுப்போல விரிந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் குப்பியைத் துடைக்கும்போது அப்பா நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிடுவார். 3 நிமிடமும் பேச மாட்டார். எண் வந்ததும், “எவ்வளவு?” என்பார். சொன்னால் தலையாட்டிவிட்டுக் கோப்பி போடச் சொல்வார்.

ஒரு சனிக்கிழமை இரவு நீலப் பெட்டியை நிரப்ப எடுத்தேன். சனிக் கட்டம் காலி. ஞாயிற்றுக் கட்டமும் காலி. கூடத்தில் அப்பா தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார், நான் பார்ப்பது அவருக்குத் தெரியும். ஞாயிற்றுக் கட்டத்தில் இன்னொரு பங்கு நிறுத்துப் போட்டு, மூடியை அழுத்தி வைத்தேன். மறுநாள் 0.09.